இத்தா வீட்டு மாடிப்படி

நிந்தவூர் பிரதான வீதியில் நிற்கிற பச்சை நிற அரிசி ஆலையை நான் கட்டினேன். அத்திவாரம் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஊரே நின்று சிரித்தது. ஆலை இன்றைக்கும் ஓடுகிறது, சிரித்தவர்கள் அதில்தான் நெல் குற்றுகிறார்கள். இறக்காமத்தில் நான் கட்டிய நெற்களஞ்சியத்தில் யானை வந்து முட்டியது. கதவு போனது, சுவர் போகவில்லை. ஒலுவிலில் மீன் ஏலம் கூறுகிற கொட்டகை என்னுடையது. ஊரடங்கு போட்ட காலத்தில் சீமெந்து வராமல் போனபோது சுண்ணாம்பும் மணலும் குழைத்து ஒரு பள்ளிவாசலின் மினாராவை உயர்த்தினேன். சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதில் எத்தனை வீடு எழுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியாகக் கல்முனையில் எங்கள் சமுதாயக் கல்லூரி: சுற்றுமதில், வகுப்பறைகள், பட்டறை, பெண்பிள்ளைகள் தொழுகிற அறை, எல்லாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. எழுதப் பழகியது வயது போன பிறகு. வங்கியில் ஒரு தம்பி என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “ஹாஜியார், இது கையெழுத்தா, படமா?” என்று கேட்டார். “ரெண்டுந்தான். ஆனா வேற ஒருத்தராலயும் போடேலா” என்றேன்.

கட்டியவற்றில் ஒன்று மட்டும் கல்லாலும் சீமெந்தாலும் ஆனதல்ல. அது கல்லூரியின் மாணவர் கைந்நூலில் உள்ள ஒரு பந்தி. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றுதான் பேர், இதற்குள் பல தரம் எழும்பி முற்றத்துக்குப் போய் வந்துவிட்டேன். எனக்கு இருப்புக் கொள்ளாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். “உங்கட காலுக்குள்ள எறும்பா இரிக்கி?” என்று என் மனைவி கேட்பாள். எறும்புதான். அந்த எறும்பு இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒன்றும் எழும்பியிருக்காது.

கல்லூரி நிருவாக சபையில் என்னையும் ஓர் அங்கத்தவராகப் போட்டார்கள். கட்டியவரை எப்படி விடுவது என்று போட்டிருக்கலாம். நான் சும்மா இருக்கவில்லை. முதற் கூட்டத்திலேயே வரவைப் பற்றிக் கதைத்தேன். பிள்ளைகள் பெயரைப் பதிந்துவிட்டு வருவதில்லை. வயல் விதைப்பு என்று ஒருவன் நிற்பான், கல்யாணம் என்று ஒருத்தி நிற்பாள். வேலைக்கு வராத மேசனுக்கு நான் நாட்கூலி கொடுப்பேனா? நூற்றுக்கு எண்பது நாளாவது வராத பிள்ளைக்கு இறுதிப் பரீட்சை இல்லை என்று விதி போடச் சொன்னேன். சபை ஏற்றுக்கொண்டது. நோயாளிக்கு மருத்துவச் சான்றிதழ், பிள்ளை பெறுகிறவளுக்குப் பிரசவ விடுமுறை, இவை இரண்டும்தான் விலக்கு. அந்த விதி பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அது என் விதி.

மற்றது, கட்டட வகுப்புக்குப் பெண்பிள்ளைகளை எடுப்பது. அதையும் நான்தான் பேசினேன். சபையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் முதலில் மறுப்புச் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார். “பொம்புளப் புள்ள மண்வெட்டி புடிக்கிறயா?” என்றார். “வீட்டுக்குள்ள ஆயுசு முழுக்க இரிக்கிறது அவங்கதானே சேர். அளக்கத் தெரிஞ்சா என்ன குறை?” என்றேன். ஒரே ஒரு பிள்ளை விண்ணப்பித்தாள். சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிற ஒருவரின் மூத்த மகள். கல்யாணம் முடித்து, கையில் ஒரு குழந்தை. மதிப்பீடும் வரைபடமும் அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. கூட்டத்துக்குக் கூட்டம் அவளைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்.

பயிற்சி முடியச் சில மாதங்கள் இருக்கும்போது அந்தப் பிள்ளையின் புருஷன் மவுத்தானான். நெல் லொறி ஓட்டுகிறவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழும்பவில்லை. ஜனாஸா அடக்கிவிட்டு வந்த பிறகு பெண்கள் அவளை இத்தாவில் வைத்தார்கள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியாவதில்லை, அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. எங்கள் ஊரில் இதில் ஒருவரும் கை வைப்பதில்லை.

நான் கல்லூரிக்குப் போனேன். பதிவாளர் மருதமுனைப் பிள்ளை, நெசவுக்காரரின் மகள். மேசையில் ஒரு கடுதாசி கூடக் கோணலாகக் கிடக்காது.

“மகள், அந்தப் புள்ளக்கு இனி என்ன நடக்கும்?”

“வரவு காணாது, ஹாஜியார். பேர எடுக்கத்தான் வேணும்.”

“மறுகா சேர்ந்து படிக்கலாந்தானே.”

“முதல்ல இருந்து படிக்கணும். அடுத்த தொகுதி எப்ப தொடங்குமெண்டு இன்னமும் முடிவில்ல.”

“இத்தாக்கு விலக்கு இல்லையா?”

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்க இடமிருந்தது. “ஹாஜியார், விலக்கு ரெண்டுக்கு மேல இருக்கப்படா எண்டு சொன்னது நீங்கதான். கூட்ட அறிக்கையில கிடக்கு.”

சொன்னது உண்மைதான். சொல்லும்போது எனக்கு முன்னால் நின்றது சோம்பேறி மேசன்மார், இந்தப் பிள்ளை இல்லை.

அவள் பெயர் எடுபட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். வாப்பாவின் தோணிக்கு வயதாகிவிட்டது, அவருக்கும்தான். குழந்தைக்கு இனிமேல் உழைக்க வேண்டியவள் அவள். சான்றிதழ் இருந்தால் ஒரு வேலைக்கு எழுதிப் போடலாம். இல்லாவிட்டால் இடியப்பம் அவித்து விற்கலாம். அதில் குறையில்லை, ஆனால் அந்த மூளைக்கு அது நியாயமில்லை. எனக்கும் ஒன்று இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. அவள் விழுந்தால் கட்டட வகுப்பில் இனி ஒரு பெண்பிள்ளை இல்லை. அதிபர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெல்வார்.

“அந்தக் கைந்நூல வாசி மகள்” என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“முழுக்க. நீ வாசி, நான் நடக்கிறன்.”

பாவம், அவர் வாசித்தார். அனுமதி, கட்டணம், சீருடை, தாமதமாக வருதல், நூலகம், ஒழுக்காற்று, முறைப்பாடு, மேன்முறையீடு. நான் கதவுக்கும் யன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வெளியே கல்முனை பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு விதியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாதா? அப்போது அவர் தொழில்தளப் பயிற்சி என்ற பந்திக்கு வந்தார். கல்லூரி ஏற்றுக்கொண்ட வேலைத்தளத்தில், பதிவு செய்த ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையில் ஒரு மாணவர் வேலை பழகினால், போதனாசிரியர் வந்து பார்த்து ஒப்பமிட்டால், அந்த நாட்கள் வரவில் சேரும்.

நான் நின்றேன். “அத மறுகா வாசி.”

வாசித்தார்.

“வேலைத்தளம் எங்க இரிக்கணும் எண்டு கிடக்கா?”

“இல்ல.”

“பதிவு செஞ்ச ஒப்பந்தக்காரர் நான். சரியா?”

“ஓம்.”

“அப்ப அந்தப் புள்ளட வீடுதான் வேலைத்தளம்.”

பதிவாளர் புத்தகத்தை மூடவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் வீட்டைக் கட்டிக்கொடுத்தே ஆகவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். வளவில் இடமில்லாதவர் மூத்தவளின் தலைக்கு மேலே இளையவளுக்கு ஒரு மாடி எழுப்புவார். அந்தப் பிள்ளையின் தங்கைக்குக் கட்டிக்கொண்டிருந்த மாடி என் வேலைதான். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது மவுத்து நடந்தது, வேலையை நிற்பாட்டிவிட்டோம். இத்தா வீட்டில் ஆண்கள் ஏறி இறங்க முடியாதல்லவா.

“வேலை நிக்கிதே, ஹாஜியார்” என்றார் பதிவாளர்.

“தொடங்கிறன்.”

நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். மௌலவி லுஹர் தொழுவித்துவிட்டு இருந்தார்.

“உட்காருங்க, ஹாஜியார்.”

“உட்கார நேரமில்ல. இத்தா இரிக்கிற புள்ள தன்ட வீட்டுக்குள்ள இருந்து படிக்கலாமா?”

“படிக்க என்ன தடை? ஆம்புளயளோட கலக்காம, வீட்ட விட்டு வெளியாகாம இருந்தாச் சரி.”

“வீட்டுட மேல்மாடி வீடா, வெளியா?”

“வீடுதான்.” அவர் தாடியைத் தடவினார். “என்னத்தக் கட்டப் போறீங்க?”

“படி” என்றேன்.

உள்ளே இருந்த படி அந்தப் பிள்ளையின் கூடத்துக்குள்ளால் ஏறியது. அதனால் ஒழுங்கைப் பக்கமாக மதிலோடு சேர்த்து வெளியால் ஒரு படி கட்டினேன். வேலையாட்கள் அதில் ஏறி அதில் இறங்குவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. மாடியைச் சுற்றி மறைப்புக்குத் தறப்பாள் கட்டினேன். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னதும் ஆட்கள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு உம்மாவோடும், கல்லூரியிலிருந்து வருகிற போதனாசிரியையோடும் பிள்ளை உள்படியால் மேலே ஏறி, அன்றைக்கு எழும்பிய சுவரை அளப்பாள், கல்லுக் கணக்குப் பார்ப்பாள், வரைவாள். அந்த நாட்களில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. வாசல் கடப்படியில் நின்று அவளுடைய வாப்பாவிடம் கேட்பேன்.

“என்ன தம்பி, புள்ள என்ன சொல்லுது?”

“என்னத்தச் சொல்ல, காக்கா? முந்தி அழுதுக்கிட்டே இரிக்கும். இப்ப அளவு நாடாவக் காணல்ல எண்டு என்னோட சண்டை புடிக்கிது.”

அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “சண்டை புடிச்சா நல்லந்தான். நீங்க கொஞ்சம் உட்கார்ந்து சோத்தத் தின்னுங்க” என்றாள்.

சபை சும்மா விட்டுவிடவில்லை. கூட்டத்தில் அதிபர் கேட்டார்: “ஹாஜியார்ட வேலைத்தளம், ஹாஜியார்ட கையெழுத்து, ஹாஜியார் கூட்டி வந்த புள்ள. இது பயிற்சியா, உபகாரமா?” கேள்வி நியாயமானது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. முடிவில், பிள்ளை எழுதுகிற பயிற்சி அறிக்கையைச் சபையே வாசித்துப் பார்க்கும், வேலை உண்மையாக நடந்ததென்று தெரிந்தால் மட்டும் நாட்களைச் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு வேலைத்தளத்துக்குப் போனால் இன்னொன்று நினைவு வரும். மோட்டார் சைக்கிளைத் திருப்புவேன். சாய்ந்தமருதுக்குப் போய்ச் சும்மா அந்த ஒழுங்கையால் போய் வருவேன். தறப்பாள் காற்றில் அடித்துக்கொண்டிருக்கும்.

அறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் போதனாசிரியை அதைப் பிள்ளையின் வீட்டுக் கடப்படிக்குக் கொண்டுவந்தார். மேற்பார்வையாளர் என்று என் கையெழுத்து வேண்டும்.

“வாசியுங்க” என்றேன்.

அழகான அறிக்கை. சுவர், யன்னல், வளை, கலவை, எல்லாம் இருந்தது. என்னுடைய வேலை அவளுடைய எழுத்தில் நான் நினைத்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் போதனாசிரியையின் குரல் இறங்கியது. “வெளிப்புறப் படியில் நடுவிலுள்ள ஒரு படி மற்றவற்றை விட உயரம் கூடியது. ஏறுபவர் இடறக்கூடும். திருத்தப்பட வேண்டும்.”

“அது ஆர் எழுதின?”

“புள்ளதான் எழுதின.”

“ஆர் எழுதச் சொன்ன?”

போதனாசிரியை யன்னலைக் காட்டினார். நான் யன்னலடிக்குப் போனேன். திரை போட்டிருந்தது. உள்ளே குழந்தையின் சத்தம் கேட்டது.

“மகள், நான் கதைக்கிறது கேக்குதா?”

“கேக்குது, மாமா.”

“அறிக்கை நல்லா இரிக்கி. அந்தக் கடைசி வரிய எடுத்துட்டா என்ன?”

“எடுக்கலாம், மாமா. அந்தப் படியயும் எடுத்தா எடுக்கலாம்.”

“அடியேய், மாமாக்கிட்ட அப்பிடியா கதைக்கிற?” என்று அவளுடைய உம்மாவின் குரல் வந்தது.

“அளந்தா அப்பிடித்தான் வருது, உம்மா. நான் ரெண்டு தரம் அளந்துட்டன். வெளிப்படியால ஏற ஏலாது எண்டு மேல இருந்து கயித்துல நாடாவ இறக்கி அளந்த.”

“மகள், இந்த ஊர்ல என்ட வேலையப் பிழை எண்டு ஒருத்தரும் இதுவரைக்கும் சொன்னதில்ல.”

“ஒருத்தரும் அளக்கல்ல போல, மாமா.”

கையெழுத்து வைக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. ஒலுவில் துறைமுகம் வரை ஓடி, படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. அந்தப் படியைக் கட்டியது எவ்வளவு அவசரத்தில் என்று இந்தச் சபைக்குத் தெரியுமா? அவசரம் யாருக்காக? மேசன் வர ஒரு நாள் பிந்தும் என்றான். நான் கரண்டியை எடுத்து என் கையாலேயே அந்த நடுப்படியைப் போட்டேன். ஒரு நாள் பிந்தியிருந்தால் அந்தப் பிள்ளையின் வரவில் ஒரு நாள் குறைந்திருக்கும். நன்றிக்கு வந்தது இந்த வரி. இதைச் சபையில் வாசிப்பார்கள். அதிபர் வாசிப்பார், குரலை உயர்த்தி வாசிப்பார்.

திரும்பி அந்த ஒழுங்கைக்கு வந்தேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். படியில் ஏறினேன். இறங்கினேன். மறுபடி ஏறினேன். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நல்ல படிதான். ஆனால் நடுவில் கால் ஒவ்வொரு தரமும் ஒரு கணம் தேடியது. வேகமாக ஏறினால் இன்னும் தேடியது. கடைசித் தரம் பெருவிரல் இடித்தது. செருப்பு ஒழுங்கைக்குள் விழுந்தது. அதை எடுக்க இறங்கியபோது போதனாசிரியை இன்னும் கடப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். போகவில்லை. மனிசி பொறுமைசாலி.

“தாங்க பேனைய” என்றேன்.

என்ன காரணம் என்று கேட்டால், கோபம்தான், இந்தத் தரம் அந்தப் படியின் மேல். நான் கையெழுத்து வைக்காவிட்டால் படி சரியாகிவிடாது. பிள்ளையின் அவ்வளவு நாளும்தான் வீணாகும். நான் கட்டியதை நானே இடிக்கிற ஆளில்லை.

சபை கூடிய அன்றைக்கு நான் உட்காரவில்லை. பின்சுவரோடு நின்றேன். நினைத்தபடியே அதிபர்தான் வாசித்தார். கடைசி வரி வந்தது. அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்தப் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஹாஜியார், உங்கட படி பிழை எண்டு உங்கட புள்ளயே எழுதியிரிக்கி.”

“ஓம்.”

“இது உங்கட கையெழுத்துதானா?”

“அத வேற ஒருத்தராலயும் போடேலா.”

சபையில் சிலர் சிரித்தார்கள். அதிபர் சிரிக்கவில்லை. அறிக்கையை மேசையில் வைத்து உள்ளங்கையால் தடவி நேராக்கினார். “உபகாரத்துக்கு எழுதின அறிக்கையில இப்பிடி ஒரு வரி வராது. வந்தாலும் இந்த மனிசன் கையெழுத்து வெச்சிருக்கமாட்டார்” என்றார். “இந்தப் புள்ள மெய்யாத்தான் அளந்திரிக்கி. நாட்களச் சேருங்க.”

சேர்த்தார்கள். இத்தா முடிந்து வெள்ளை உடுப்பை மாற்றிக்கொண்டு அவள் கல்லூரிக்கு வந்து பரீட்சை எழுதினாள், சித்தியடைந்தாள். இப்போது கல்முனையில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ்ஸுக்கு நிற்பதைக் காண்கிறேன். ஸலாம் சொல்லுவாள். படியைப் பற்றிக் கேட்கமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். அதைத் திருத்தச் சொல்லி அவளுடைய வாப்பா ஒரு தரம் சொன்னார். திருத்தவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு புதிய கைந்நூல் அச்சாகி வந்தது. அதில் ஒரு புதிய பந்தி: இத்தாவில் இருக்கும் மாணவிகள் தம் வீட்டையே தொழில்தளமாகக் கொண்டு பயிற்சியைத் தொடரலாம், போதனாசிரியை வந்து பார்ப்பார், நாட்கள் வரவில் சேரும். தையல் வகுப்பில் ஒருத்தி, கணினி வகுப்பில் ஒருத்தி, இப்போதே அதனால் படிப்பை விடாமல் இருக்கிறார்கள். பிற கல்லூரிகளிலிருந்தும் கேட்டு எழுதுகிறார்களாம். பந்தியின் கீழே என்ன இருந்தது தெரியுமா? “நிருவாக சபையின் ஆலோசனையுடன் பதிவாளர் அலுவலகத்தால் தயாரிக்கப்பட்டது.”

புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவாளரிடம் போனேன்.

“மகள், இதுல நான் எங்க?”

“நீங்க சபையில இரிக்கீங்கதானே, ஹாஜியார். சபை எண்டா நீங்களுந்தான்.”

“சபைதான் உபகாரமா எண்டு கேட்ட. சபையா படி கட்டின?”

“விதியில ஆள்ட பேர் போடுற வழக்கமில்ல.”

“வழக்கத்த நீ வாசி, நான் நடக்கிறன்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

கட்டடத்தின் முன்சுவரில் கல்வெட்டு வைத்துப் பெயர் போடுவார்கள், திறந்து வைத்தவரின் பெயர் பெரிதாக இருக்கும், கட்டியவரின் பெயர் இருக்காது. எத்தனையோ கட்டடத்தில் அப்படித்தான், நான் பேசாமல் விட்டேன். இதை விடமாட்டேன். வரவு விதியைக் கொண்டுவந்தவன் நான். கட்டட வகுப்புக்குப் பெண்பிள்ளையைக் கொண்டுவந்தவன் நான். கைந்நூல் முழுவதையும் நின்றபடியே கேட்டு, வீடே வேலைத்தளம் என்று கண்டவன் நான். ஆண்கள் ஏற வேறு படி போட்டவன் நான். அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தவனும் நான்.

சபையில் உள்ளவர்களுக்கும், இந்தப் புத்தகத்தை அச்சடிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த பதிப்பில் அந்தப் பந்தியின் கீழே என் பெயர் வர வேண்டும். எழுத்து சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் வகுப்பும் முடிக்காத ஒப்பந்தக்காரர் இன்னார் என்று போடுங்கள். நடுப்படி உயரம் கூடியது என்று எழுத விரும்பினால் அதையும் எழுதுங்கள், எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தப் படியைக் கட்டியது நான் என்று அதே வரியில் எழுதுங்கள்.